கச்சேரிக்கு ரெண்டு டிக்கெட்

மார்கழியில் சென்னை, தையில் திருவையாறு, மாசியில் சிதம்பரம், புரட்டாசியில் திருவனந்தபுரம்... ஓய்வுபெற்ற தம்பதிகளின் புது நாள்காட்டி இது.

பகல் பன்னிரண்டரை மணிக் கச்சேரி என்பது சென்னை டிசம்பரில் ஒரு தனி உலகம். மேடையில் இருபது வயதைத் தாண்டாத ஒரு பெண் தோடியை எடுத்திருப்பாள். வயலின்காரருக்கு அப்போதுதான் மீசை அரும்பியிருக்கும். அரங்கில் முன்னூறு நாற்காலி இருந்தால் நாற்பதில்தான் ஆள் இருக்கும். அந்த நாற்பதில் முப்பது நரைத்த தலை. பல சபாக்களில் பகல் கச்சேரிக்குக் கட்டணம் கிடையாது. ஏசி உண்டு. கச்சேரி முடிந்து வெளியே வந்தால் கேன்டீனில் இலை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

அந்த முப்பது பேரைக் கொஞ்சம் கவனித்தால் ஒரு விஷயம் பிடிபடும். தனியாக வந்தவர்கள் குறைவு. இரண்டிரண்டு பேராக உட்கார்ந்திருக்கிறார்கள், அதுவும் நடைபாதையை ஒட்டிய இருக்கைகளில். (சர்க்கரைக்காரர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.) இருவருக்கும் நடுவே ஒரு துணிப்பை. அதற்குள் வெந்நீர் ஃபிளாஸ்க், மாத்திரை டப்பா, ஒரு சால்வை, பென்சிலால் வட்டம் போட்ட சபா அட்டவணை. அவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறார். அந்த அம்மா தாளம் போடவில்லை. ஆனால் பாடகி அடுத்த ராகத்துக்குப் போனதும் முதலில் நிமிர்ந்து உட்காருவது அவர்தான்.

நாற்பது ஆண்டுகளுக்கு முன்னால் இதே சபாக்களின் காட்சி வேறு. பட்டுப்புடவையும் வைரத்தோடுமாக முன்வரிசைக்கு வரும் பெண்கள் எந்தக் காலத்திலும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மாதச் சம்பளக் குடும்பங்கள் பலவற்றில் கச்சேரி என்பது ஆண்பிள்ளை விவகாரம். அவர் அலுவலகத்திலிருந்து நேரே சபாவுக்குப் போய்விடுவார். இவர் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்து, மாமியாருக்குக் கஞ்சி வைத்துக்கொடுத்து, பத்து மணிக்குக் கதவைத் திறந்துவிடுவார். “இன்னிக்கு காம்போதி பிரமாதம்” என்று அவர் சொல்ல, “ரசம் சுட வைக்கட்டுமா?” என்று இவர் கேட்பார். வானொலியில் வந்த பாட்டுதான் இவருக்குக் கிடைத்தது, அதுவும் தாளிக்கும் ஓசைக்கு நடுவே. திருச்சி வானொலி நிலையம் 1939-இல் தொடங்கியதிலிருந்து தமிழ்நாட்டுப் பெண்களின் சங்கீத ஞானத்தில் பெரும்பகுதி அடுப்படியில் நின்றபடி சம்பாதித்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

அந்த அடுப்படியிலிருந்து இருக்கைக்கு வந்ததுதான் இன்றைய மாற்றம். ஓய்வுக்குப் பிறகு இரண்டு நாள், மூன்று நாள் என்று கிளம்பும் இந்தச் சின்னப் பயணங்களை அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

‘அன்னக்கிளி’ தலைமுறை

ஒரு சின்னக் கணக்கு. தமிழக அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020-இல் 59 ஆகவும் 2021-இல் 60 ஆகவும் உயர்ந்தது. 1965-இல் பிறந்த ஒருவர் 2025-இல் ஓய்வு பெற்றிருப்பார். ‘அன்னக்கிளி’ வந்த 1976-இல் அவருக்குப் பதினொரு வயது. ‘சிந்து பைரவி’ வந்தபோது இருபது. ‘ரோஜா’ வந்தபோது இருபத்தேழு, அநேகமாகப் புது மாப்பிள்ளை. அதாவது இன்று ‘சீனியர் சிட்டிசன்’ என்று நாம் சொல்கிற ஆள், அரியக்குடியின் கச்சேரியை நேரில் கேட்டவர் இல்லை. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் 1967-இல் மறைந்தபோது இவர் நடை பழகிக்கொண்டிருந்தார். இவர் வளர்ந்தது கேசட்டில்.

இந்தக் கேசட் தலைமுறையைச் சபாவுக்கும் ஆராதனைக்கும் கொண்டுவந்து சேர்த்ததில் இளையராஜாவுக்குப் பங்கு உண்டு என்பது இந்தக் கட்டுரையின் கட்சி. 1985-இல் ‘சிந்து பைரவி’க்காக அவர் தியாகராஜரின் ‘மரி மரி நின்னே’ கீர்த்தனையை வழக்கமான காம்போதியிலிருந்து சாரமதிக்கு மாற்றியபோது வித்வான்கள் சிலர் முகம் சுளித்தார்கள். தெருவோரத்து டீக்கடைகள் அதைக் கேட்டன. அடுத்த ஆண்டே ‘ஹவ் டு நேம் இட்’ இசைத் தொகுப்பைத் தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாக்குக்கும் (Bach) காணிக்கையாக்கினார். அதைக் கேட்டுவிட்டு ‘யார் இந்தத் தியாகராஜர்?’ என்று தேடிப்போன கல்லூரிப் பையன்களுக்குத்தான் இப்போது முழங்கால் வலி.

‘சிந்து பைரவி’யின் கதை நினைவிருக்கிறதா? பெரிய பாடகர், இசை புரியாத மனைவி, இசை புரிந்த இன்னொருத்தி. பாடகரின் ஏக்கத்துக்காகத் தியேட்டரே உருகியது. மனைவிக்கு இசை தெரிந்துகொள்ள எப்போது நேரம் இருந்தது என்ற கேள்வி அன்றைக்குப் பெரிதாக எழவில்லை.

இப்போது நேரம் இருக்கிறது. பிள்ளைகள் பெங்களூரிலோ டல்லாஸிலோ இருக்கிறார்கள். ஆறு மாத விசாவில் பேரனைப் பார்க்கப் போகிறவர்கள்கூடப் பங்குனி, சித்திரையை ஒட்டி அமெரிக்காவில் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். ஓஹையோ மாநிலத்துக் கிளீவ்லாந்தில் 1978-இலிருந்து நடக்கும் தியாகராஜ ஆராதனை ஈஸ்டரையொட்டித்தான் வருகிறது. டயப்பர் மாற்றப் போன இடத்தில் நிரவல் கேட்கக் கொடுப்பினை.

கீழ்ப்படுக்கை சாஸ்திரம்

முன்பெல்லாம் ஓய்வுபெற்றதும் காசி, ராமேஸ்வரம் என்று ஒரே பெரிய யாத்திரை. சேமிப்பில் ஒரு பங்கு கரையும், திரும்பி வந்து ஒரு மாதம் படுக்கை. இப்போதைய போக்கு ஆண்டுக்கு நாலைந்து தடவை, தடவைக்கு இரண்டு இரவு. உடம்பு தாங்குகிறது. பென்ஷனும் தாங்குகிறது. மருத்துவரிடம் வாங்கிய அடுத்த தேதியும் தவறுவதில்லை.

ரயில்வே மட்டும் இவர்களுக்கு ஒரு குட்டு வைத்தது. 60 வயதான ஆண்களுக்கு 40 சதவீதமும் 58 வயதான பெண்களுக்கு 50 சதவீதமும் இருந்த கட்டணச் சலுகை, 2020 மார்ச்சில் கொரோனாவைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டது. கொரோனா போய்விட்டது, சலுகை வரவில்லை. மிச்சம் இருப்பது கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு. ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 45 வயது ஆகியிருந்தால் தூங்கும் வசதியுள்ள வண்டிகளில் கேட்கலாம். ஒரு பயணச்சீட்டில் ஒருவரோ இருவரோ இருந்தால்தான் அந்தக் கோட்டா பொருந்தும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மூன்றாவதாக மைத்துனரையும் சேர்த்து ஒரே சீட்டில் போட்டுவிட்டு, மேல்படுக்கையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் உண்டு. தம்பதியாக இருவர் மட்டும் பதிவு செய்வதே புத்திசாலித்தனம். மைத்துனர் தனியாக வரட்டும்.

சென்னைக்குள் சுற்றுவதற்கு வேறு கணக்கு. 60 வயதைக் கடந்த சென்னைவாசிகளுக்கு மாநகரப் போக்குவரத்துக் கழகம் மாதம் பத்து இலவச டோக்கன் தருகிறது. பெண்களுக்கோ 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் டிக்கெட்டே இல்லை. ஆக, அவர் டோக்கனை எண்ணி எண்ணிக் கிழிக்கிறார், இவர் ஜன்னலோரத்தில் ராணி மாதிரி உட்கார்ந்து வருகிறார். டிசம்பரில் பத்து டோக்கன் முதல் வாரத்திலேயே தீர்ந்துபோகும். அதற்குப் பிறகு எந்தச் சபா என்பதைத் தீர்மானிப்பவர் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

வெளியூரிலிருந்து சீசனுக்கு வருபவர்கள் மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, தியாகராய நகர்ப் பக்கம் அறை எடுக்கிறார்கள். சிலருக்கு உறவினர் வீடு. 1927-இல் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது கூடவே நடந்த இசை மாநாட்டிலிருந்து முளைத்து, 1928-இல் அமைப்பாக நிலைபெற்றது மியூசிக் அகாடமி. அதன் மாலைக் கச்சேரிகளுக்குச் சீட்டு கிடைப்பது அவ்வளவு சுலபமில்லை. காலை நிகழ்ச்சிகளான உரைகளும் செயல்விளக்கங்களும் விஷயம் உள்ளவை, கூட்டமும் குறைவு. தமிழ்ப் பாட்டு மட்டும் போதும் என்பவர்களுக்குப் பாரிமுனையில் ராஜா அண்ணாமலை மன்றம் இருக்கிறது. 1943-இல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கத்தின் விழா அங்கேதான். பொங்கலையொட்டி, கலைவிழாவாகப் பூங்காக்களுக்கும் தெருக்களுக்கும் வரும் ‘சென்னை சங்கமம்’ 2007-இல் தொடங்கி, நின்று, 2023-இல் மீண்டும் உயிர்பெற்றது. பறையும் கரகமும் பார்க்கச் சீட்டு வேண்டாம். நிற்கத் தெம்பு வேண்டும்.

கேன்டீனைப் பற்றி எழுதாமல் சீசனைப் பற்றி எழுத முடியாது. ஆனால் எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஒன்று மட்டும்: தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் கீரை வடைக்கு எழுந்து ஓடும் பழக்கம் இன்னும் போகவில்லை. மிருதங்கக்காரர் அரைமணி நேரமாகக் காத்திருந்த அவருடைய முறை வரும்போது, அவர் பார்ப்பது வரிசை வரிசையாக முதுகுகளைத்தான். வயதானவர்கள் இதில் பரவாயில்லை. எழுந்திருப்பது சிரமம் என்பதாலோ என்னவோ உட்கார்ந்தே இருக்கிறார்கள்.

காவிரிக்கரையில் ஒரு பெண்ணின் வேலை

தை மாதத்துத் திருவையாறுதான் இந்தச் சின்னப் பயணங்களின் தலைநகரம். தஞ்சாவூரில் தங்கினால் பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சம், டவுன் பஸ் தூரம். 1847 ஜனவரியில் தியாகராஜர் காவிரிக்கரையில் சமாதியான திதி, புஷ்ய பகுள பஞ்சமி. அந்த நாள் காலையில் பந்தலில் பெரிய வித்வான்களும், பாட்டு வகுப்புப் பிள்ளைகளும், ஆண்டு தவறாமல் வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் ஒன்றாக உட்கார்ந்து ஐந்து கீர்த்தனைகளைப் பாடுகிறார்கள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. தொலைக்காட்சியில் பார்த்தால் இது ஒரு சடங்கு மாதிரித் தெரியும். பந்தலுக்குள் உட்கார்ந்து கேட்டால் வேறு. பக்கத்தில் இருப்பவர் சுருதி விலகிப் பாடுவதும், எதிரில் இருப்பவர் ஸ்வரத்தைத் தப்பாமல் பாடுவதும், காற்றில் வரும் ஈர மண் வாசனையும் சேர்ந்ததுதான் அந்த இசை. யாருக்கும் அங்கே சன்மானம் கிடையாது. பெயர் பெற்றவர்களுக்கும் சில நிமிடங்களே மேடை.

இந்தப் பந்தலுக்கு எதிரே ஒரு சிலை இருக்கிறது. சமாதியை நோக்கிக் கைகூப்பிய பெண். பெங்களூரு நாகரத்தினம்மாள்.

தேவதாசி மரபில் பிறந்து, சென்னையில் பாட்டால் பெரும் செல்வம் சேர்த்தவர். தியாகராஜரின் சமாதி கவனிப்பாரற்றுக் கிடக்கிறது என்று 1920-களின் தொடக்கத்தில் அவருடைய குரு பிடாரம் கிருஷ்ணப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. நாகரத்தினம்மாள் நிலத்தை வாங்கி, கோயில் எழுப்பி, 1926-இல் கும்பாபிஷேகம் செய்தார். செலவு முழுக்க அவருடைய சொந்தச் சம்பாத்தியம். அப்போது ஆராதனையைப் பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று இரண்டு கோஷ்டிகள் தனித்தனியாக நடத்திக்கொண்டிருந்தன. பெண்கள் பாட இரண்டிலும் இடமில்லை. கோயிலைக் கட்டிக்கொடுத்தவருக்கே அங்கே பாட அனுமதி இல்லை என்றால் அந்தக் காலத்தை நாம் புரிந்துகொள்ளலாம். அவர் சண்டைக்கு நிற்கவில்லை. பெண்களைச் சேர்த்துக்கொண்டு மூன்றாவதாக ஓர் ஆராதனையைத் தொடங்கினார். ஊர் அதைப் ‘பொம்பளைக் கட்சி’ என்றது. 1940 வாக்கில் மூன்று கட்சியும் ஒன்றானபோது பெண்களும் மேடை ஏறினார்கள். நாகரத்தினம்மாள் சென்னையைவிட்டுத் திருவையாற்றிலேயே வந்து தங்கி, 1952-இல் அங்கேயே மறைந்தார். ஓய்வுக்காலத்தை எங்கே கழிப்பது என்ற கேள்விக்கு அவர் அளித்த பதில் அது.

அடுப்படியில் நின்று பாட்டுக் கேட்டவர்கள் அந்தச் சிலைக்கு முன்னால் கொஞ்சம் கூடுதலாகவே நிற்கலாம். பிறகு கடைத்தெருவில் பாசிப்பருப்பில் செய்த அசோகாவை வாழையிலைத் துண்டில் வாங்கிச் சாப்பிடலாம். சர்க்கரைக்காரர் ஒரு ஸ்பூன்.

திருவையாற்றோடு திரும்பிவிட்டால் பாதிப் பயணம்தான். தஞ்சாவூரில் பலா மரத்தைக் குடைந்து வீணை செய்யும் பட்டறைகளில் உளியின் ஓசையைக் கேட்கலாம். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் வழியில் நரசிங்கம்பேட்டை. 2022-இல் புவிசார் குறியீடு பெற்ற நாகஸ்வரம் இங்கேதான் உருவாகிறது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும், ஈரம் முற்றிலும் வற்றிய ஆச்சா மரம்தான் ஆசாரிகளின் முதல் தேர்வு. யாரோ ஒருவர் வீட்டு உத்திரம் மல்லாரி வாசிக்கப் போகிறது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காக இதே ஊரின் ரங்கநாத ஆசாரி நீளமான பாரி நாகஸ்வரத்தில் சுத்த மத்யமம் சரியாகப் பேசும்படி திருத்தம் செய்துகொடுத்தார். இன்று நாம் கேட்கும் நாகஸ்வரம் அந்தத் திருத்தத்துக்குப் பிந்தையது.

திருவாரூரில் மும்மூர்த்திகள் மூவரும் பிறந்தார்கள் என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அங்கே ஐந்து முகம் கொண்ட பஞ்சமுக வாத்தியத்தைப் பார்த்தவர்கள் குறைவு. மாசி மகாசிவராத்திரிக்குச் சிதம்பரத்தில் நாட்டியாஞ்சலி; 1981-இல் தொடங்கியது. மே மாதம், நரசிம்ம ஜெயந்தியையொட்டி, தஞ்சாவூருக்கு அருகே மெலட்டூரில் பாகவத மேளா. ஆண்களே பெண் வேடமும் கட்டி விடிய விடிய ஆடும் தெலுங்கு நாட்டிய நாடகம். பிரகலாத சரித்திரம் விடியலை நெருங்கும்போது நரசிம்மர் முகமூடி வெளியே வரும். விழித்திருக்க முடியுமா என்று கவலைப்பட வேண்டாம். அறுபது வயதுக்கு மேல் எப்படியும் பாதி ராத்திரி தூக்கம் வருவதில்லை.

கைதட்டாத மண்டபம்

புரட்டாசி நவராத்திரிக்கு நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம் போகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து மூன்று தெய்வங்கள் அங்கே போகின்றன: பத்மநாபபுரத்துச் சரஸ்வதி, வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை. 1956-இல் மாநில எல்லை மாறிய பிறகும் இந்த ஊர்வலம் நிற்கவில்லை. இரு மாநிலக் காவலர்களின் மரியாதையோடு எல்லையைக் கடக்கிறது.

அங்கே பத்மநாபசுவாமி கோயிலுக்கு அருகே நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது மாலையும் கச்சேரி. ஒவ்வொரு நாளுக்கும் ராகமும் சுவாதித் திருநாளின் கிருதியும் முன்பே குறித்தவை. கைதட்டல் கூடாது. பாட்டு முடிந்ததும் வருகிற அமைதியைக் கேட்க வேண்டும். தரையில்தான் உட்கார வேண்டும் என்பது முழங்கால்காரர்களுக்கு ஒரு தகவல்.

அந்த மண்டபத்தில் பெண்கள் பாடியதில்லை. 2006-இல் அது மாறியது. மாற்றியவர் பாறசாலை பொன்னம்மாள். பிறந்த ஆண்டு 1924. அதாவது ஒரு நூற்றாண்டுக்கும் மேலான வழக்கத்தை உடைக்க அவர் மண்டபத்துக்குள் நுழைந்தபோது வயது எண்பதைத் தாண்டியிருந்தது. ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ‘ரிட்டையர் ஆயிட்டோம், இனிமே என்ன?’ என்று பேச்சு எடுப்பவர்களிடம் அவர் பெயரைச் சொல்லலாம்.

படியைக் குறையுங்கள்

இவ்வளவு ஆர்வத்தோடு வருகிறவர்களுக்கு நாம் செய்து கொடுத்திருப்பது என்ன? சபாக்களுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அறுபதைக் கடந்தவர்கள். அரங்கங்களோ முப்பது வயதுக்காரர்களுக்காகக் கட்டியவை. மாடி இருக்கைக்கு ஏறும் படியில் கைப்பிடி இல்லாத அரங்கங்கள் இன்னும் உண்டு. விளக்கணைத்த பிறகு எந்தப் படி எங்கே முடிகிறது என்று தெரியாது. கழிப்பறை பெரும்பாலும் அரங்கின் மறுகோடியில். இடுப்பெலும்பு முறிவு என்பது இந்த வயதில் விளையாட்டில்லை. படியோரம் ஒரு ரேடியம் பட்டை ஒட்டுவதற்கு எந்தப் புரவலரின் நன்கொடையும் தேவையில்லை.

சினிமா இசை நிகழ்ச்சிகள் இன்னும் மோசம். ‘அன்னக்கிளி’ தலைமுறைக்குத்தான் அந்தப் பாடல்கள் சொந்தம், பணம் கொடுத்துச் சீட்டு வாங்குவதும் அவர்கள்தான். நிகழ்ச்சியோ ஊருக்கு வெளியே மைதானத்தில். வண்டியை ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் நிறுத்திவிட்டு மேடு பள்ளத்தில் நடக்க வேண்டும். ஏழு மணி என்று போட்டிருந்தால் எட்டரைக்குத்தான் முதல் பாட்டு. முடியும்போது ஆட்டோ கிடையாது. ஆகவே பலர் மகனை யூடியூபில் போடச் சொல்லி வீட்டிலேயே பார்த்துவிடுகிறார்கள். அமைப்பாளர்கள் நுழைவாயில் வரை ஒரு வேன் விட்டால், நூறு சால்வைகளை மேடையில் போர்த்துவதைவிட அது பெரிய மரியாதை.

திருவிழா நாட்களில் டெல்டா ஊர்களில் அறை கிடைப்பதும் பாடுதான். தரைத்தள அறை வேண்டுமென்றால் இன்னும் பாடு. சுற்றுலாத் துறை நவக்கிரகத் தலங்களுக்குக் காட்டும் அக்கறையில் பாதியைத் திருவையாறு, திருவாரூர், நரசிங்கம்பேட்டை, மெலட்டூர் என்று ஓர் இசைப் பாதைக்குக் காட்டினால், அதில் ஏற ஆள் தயாராக இருக்கிறார்கள். கையில் ஃபிளாஸ்க்கோடு.

அதுவரை சொந்தமாகத்தான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்பு திறக்கிறது. பழைய 120 நாள் கணக்கு 2024 நவம்பரோடு போய்விட்டது. தைமாத ஆராதனைக்குத் தஞ்சாவூர் போக நினைப்பவர்கள் கார்த்திகையிலேயே பஞ்சாங்கத்தில் பகுள பஞ்சமியைப் பார்த்து, எழும்பூரிலிருந்து போகும் உழவன் எக்ஸ்பிரஸில் இரண்டு கீழ்ப்படுக்கை போட்டுவிடுங்கள். ஊருக்குள் டவுன் பஸ்ஸில் அம்மாவுக்கு டிக்கெட் இல்லை. ஐயா சில்லறை எடுத்துக்கொள்ளட்டும்.